முப்பதாம் தேதிக்கான பத்தி

ஆப்பியாவில் வெளிவரும் சின்னச் செய்தித்தாளின்
நான்காம் பக்கத்தில்
வானிலைக்குக் கீழே, டயர் விளம்பரத்துக்கு மேலே
பதினோரு வருடமாக நான் எழுதுவது
'வரலாற்றில் இன்று'.
ஐந்து வரி. அதற்கு மேல் போனால்
டயர்க்காரருக்குக் கோபம் வரும்.

டிசம்பர் முப்பதுக்கு
முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன்.
மணிலாவில், விடிந்ததும்,
கண் மருத்துவர் ஒருவரை
முதுகு காட்டி நிற்கவைத்துச் சுட்டார்கள்.
சிகாகோவில் பகல் ஆட்டத்தின்போது அரங்கம் எரிந்தது,
கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை,
கூட்டம் நெருக்க நெருக்க அவை இறுகின,
அறுநூறு பேர், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் நிறைய.
மாஸ்கோவில் நான்கு குடியரசுகள் ஒரு பெயருக்குக் கையெழுத்திட்டன.
எழுபது வருடத்தில் அந்தப் பெயர் காலாவதி.
டாக்காவில் ஒரு கட்சி பிறந்தது.
ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது
ஆசிரியர் செயூலி வந்து மேஜையில் சாய்ந்தார்.

"மோயெலாங்கி, வெள்ளிக்கிழமை பேப்பர் இல்லை."
"அச்சு இயந்திரம் மறுபடியுமா?"
"இல்லை. வெள்ளிக்கிழமையே இல்லை."

நாங்கள் ஞாயிறு ஆராதனையில் பாடும்போது
ஆக்லாந்துக்காரனுக்குத் திங்கள்.
அவன் ஃபோன் அடித்து அடித்து ஓய்கிறான்.
எனவே ஒரு நாளைத் தாண்டிக் குதிப்பது என்று
அரசாங்கம் முடிவெடுத்தது.

வாங்கிய கடன்தான் அது.
1892இல் அமெரிக்க வியாபாரிகளுக்காக
எங்கள் தீவில் ஜூலை நான்கு இரண்டு முறை வந்தது.
நூற்றுப் பத்தொன்பது வருடம் கழித்து
வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தோம்.

அந்தக் காலத்துத் தேவாலயப் பதிவேடு ஒன்றை
ஒருமுறை புரட்டியிருக்கிறேன்.
முதல் நான்காம் தேதியில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம்.
இரண்டாவதில் அதே குழந்தை அடக்கம்.
படிக்கிறவர் ஒரே நாள் என்று நினைத்துவிடுவாரோ என்று
எழுதியவர் ஓரத்தில், பொடி எழுத்தில்,
'மறுபடியும்' என்று சேர்த்திருந்தார்.

வியாழன் நள்ளிரவில் மணிகள் அடித்தன.
கார்கள் ஹாரன் அலறத் துறைமுகத்தைச் சுற்றின.
காலண்டரில் இரண்டு தாள் கிழித்தேன்.
ஒன்று குப்பைக்குப் போனது.
மற்றது கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று
மீன்காரியிடம் சொல்லியிருந்தவர்கள் சிரித்தார்கள்.
வேலை பார்க்காத அந்த நாளுக்கும் சம்பளம் உண்டென்று கேட்டு
எல்லோருமே சிரித்தார்கள்.
எனக்கு அந்த அரங்கத்தின் நினைவு.
நாளையே எடுத்துவிட்டால்
கதவு வெளிப்பக்கம் திறந்துவிடுமா என்ன?
விழுங்கி ஏப்பம் விட்டோம், அவ்வளவுதான்.
வயிற்றுக்குள் அது எரிந்துகொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி.
பாகோ பாகோவிலிருந்து லெமாலு.
எண்பது மைல் தூரம்,
அவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டவர்கள்.
எட்டு வருடத்துக்கு முன், இதே முப்பதாம் தேதி,
என் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு
படகேறிப் போனவன்.
பத்தியில் நான் ஒருபோதும் எழுதாத சம்பவம்.

"இங்கே இன்னும் வெள்ளி" என்றான்.
பிறகு கொஞ்ச நேரம் கடல் இரைச்சல் மட்டும்.
"இன்றைக்குத்தான்... உனக்கு ஞாபகம் இருக்குமே.
மன்னித்துக்கொள் என்று சொல்லலாமென்று..."

கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.
"இங்கே முப்பத்தொன்று, லெமாலு.
முப்பதாம் தேதியிட்ட எதையும்
இந்த அலுவலகம் பெற்றுக்கொள்ளாது."

அவன் சிரித்தான். நானும்கூடச் சிரித்தேன்.
வைத்தபிறகு ரொம்ப நேரம்
ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.
மெஷினைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் முப்பதாம் தேதி
வழக்கம்போல வந்து சேர்ந்தது.
மணிலா, சிகாகோ, டாக்கா, மாஸ்கோ.
ஐந்தாவதாக எழுதினேன்:
'2011. ஆப்பியாவில் எவரும் பிறக்கவில்லை, எவரும் இறக்கவில்லை,
எவரும் எவரையும் விட்டுப் போகவில்லை,
எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.'

மூன்று வரிக்கு நீண்டுவிட்டது.
டயர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை.